கால் ஆணி, காய்ப்பு: வெட்டாமல் சரிசெய்வது எப்படி?

ஒரே இடத்தில் அழுத்தமோ உரசலோ தொடர்ந்தால் தோல் தடித்துப்போகும். பரவலாக, மஞ்சளடித்து, பெரிதாக வலிக்காமல் இருந்தால் அது காய்ப்பு. சிறிதாக, நடுவில் கெட்டியாக, அழுத்தினால் சுருக்கென்று குத்தினால் ஆணி.

மருவை ஆணி என்று நினைத்துத் தேய்ப்பவர்கள் நிறைய. காய்ப்பின் மேல் பாதரேகைகள் தொடர்ந்து ஓடும்; மருவில் அறுபடும். கறுப்புப் புள்ளிகள் இருந்தாலோ, பக்கவாட்டில் கிள்ளினால் வலித்தாலோ மருவாக இருக்கலாம். அதைத் தேய்க்காதீர்கள், பரவும்.

சர்க்கரை நோய், கால் மரத்துப்போவது, ரத்த ஓட்டக் குறைவு இருப்பவர்கள் இதில் எதையும் வீட்டில் செய்ய வேண்டாம். உணர்ச்சியில்லாத காலில் சிறு காயம்கூடத் தெரியாமலே புண்ணாகிவிடும். நேராக மருத்துவரிடம் போங்கள்.

1. வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் பாதத்தை ஊறவையுங்கள்.

2. ஈரமான பியூமிஸ் கல்லால் மெதுவாகத் தேயுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மெல்லிய அடுக்கு போனால் போதும். தோல் இளஞ்சிவப்பானாலோ எரிந்தாலோ நிறுத்துங்கள். பிளேடு வேண்டவே வேண்டாம்; ஆழம் தெரியாமல் நல்ல தோலும் அறுபடும், சீழ் வைக்கும்.

3. ஒற்றித் துடைத்து, ஈரப்பதம் இருக்கும்போதே யூரியா கிரீம் தடவுங்கள். வெறும் வறட்சிக்கு 10%, தடித்த இடத்துக்கு 20 முதல் 25%. விரலிடுக்கில் தடவாதீர்கள். இரவில் பருத்தி சாக்ஸ் போட்டால் கிரீம் பாயில் ஒட்டாது. பித்தவெடிப்பில் ரத்தம் கசிந்தால் யூரியா எரியும். வெடிப்பு மூடும்வரை வாசலின் மட்டும்.

4. ஆணிக்கு மருந்துக்கடையில் சாலிசிலிக் அமிலம் உள்ள கார்ன் பிளாஸ்டர் கிடைக்கும். இந்த அமிலத்துக்கு நல்ல தோல், செத்த தோல் என்ற பேதமில்லை. ஆகவே மருந்துள்ள பகுதி ஆணியைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது; சுற்றிலும் வாசலின் தடவி, நகராமல் ஒட்டுங்கள். எத்தனை நாள் என்பதற்கு உறையிலுள்ள குறிப்பே கணக்கு. வெளுத்து ஊறிய தோலை மட்டும் கல்லால் எடுங்கள்.

5. இனி செருப்பு. இதை விட்டால் மற்றதெல்லாம் வீண், ஆணி திரும்ப வரும். காகிதத்தில் நின்று பாதத்தை வரைந்து, அதன்மேல் ஷூவை வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் ஷூ குறுகல். புதிது வாங்க மாலையில் போங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். குதிகால் காய்ப்புக்குத் தேய்ந்த ரப்பர் செருப்பை மாற்றி, மெத்தென்ற அடியும் பின்பட்டையும் உள்ளதாகப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் அதே இடத்தில் தடித்தால், எலும்பு துருத்துகிறதா என்று எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.