சி மொழியில் தேவையான அளவுக்கு மட்டும் இடம் ஒதுக்கிச் சரம் அமைப்பது

பெயரும் மதிப்பெண்ணும் சேர்ந்த ஒரு வரி வேண்டும். 100 பைட் பஃபர் (உரையை எழுத ஒதுக்கிய நினைவக இடம்) வைத்து, மதிப்புகளைக் கோத்து உரையாக்கும் ஸ்பிரிண்ட்எஃப் ஃபங்ஷனைப் போட்டாலும் வேலை நடக்கும், யாராவது 120 பைட் பெயரைக் கொடுக்கும்வரை. பஃபரின் அளவு ஸ்பிரிண்ட்எஃப்-க்குத் தெரியாது. எல்லை தாண்டி எழுதிக்கொண்டே போகும். ஆகவே முதலில் அளவெடுப்போம்.

படி 1: அளவு வரம்பையும் சேர்த்துக் கேட்கும் எஸ்என்பிரிண்ட்எஃப்-ஐ அழையுங்கள். பஃபருக்குப் பதில் நல் (எந்த இடத்தையும் சுட்டாத மதிப்பு), அளவுக்கு 0. எதுவும் எழுதப்படாது, முழு வரிக்கு எத்தனை பைட் வேண்டும் என்பது மட்டும் திரும்பி வரும். சி99 தரத்திலேயே உள்ள வழி இது. எதிர்ம எண் வந்தால் பிழை, அங்கேயே நிறுத்துங்கள்.

படி 2: அந்த எண்ணோடு 1 கூட்டி, நினைவகம் ஒதுக்கும் மாலாக்கிடம் கேளுங்கள். கூட்டிய 1, சரத்தை முடிக்கும் பூஜ்ய பைட்டுக்கு. நல் திரும்பினால் இடம் கிடைக்கவில்லை என்று பொருள்.

படி 3: அதே ஃபார்மட் (வரியின் வடிவத்தைச் சொல்லும் சரம்), அதே மதிப்புகளோடு எஸ்என்பிரிண்ட்எஃப்-ஐ மீண்டும் அழையுங்கள். இம்முறை மாலாக் தந்த இடத்தையும் 1 கூட்டிய அளவையும் கொடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். 1 கூட்டாத எண்ணை அளவாகக் கொடுத்தால் கடைசி பைட் விடுபடும். அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் போட்டால் கிடைப்பது பாயிண்டரின் (இடத்தின் முகவரியை வைத்திருக்கும் மாறியின்) அளவு, ஒதுக்கிய இடத்தின் அளவு அல்ல. வழக்கமான 64 பிட் கணினியில் அது 8, எனவே பூஜ்ய பைட் போக 7 பைட் உரை மட்டுமே எழுதப்படும். கம்பைலர் எச்சரிக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

படி 4: வேலை முடிந்ததும் ஃப்ரீ அழைத்து இடத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

திரும்பி வருவது பைட் கணக்கு, எழுத்துக் கணக்கு அல்ல. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 'அம்மா' 15 பைட்: புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் 3 பைட். எழுத்தை எண்ணி இடம் ஒதுக்கினால் தமிழ் வரி பாதியில் அறுந்துவிடும்.

இதையே மாறும் எண்ணிக்கையில் மதிப்புகளை ஏற்கும் ஃபங்ஷனாக எழுதும்போது, மதிப்புகளைப் பட்டியலாக வாங்கும் விஎஸ்என்பிரிண்ட்எஃப்-ஐ இருமுறை அழைக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய அந்தப் பட்டியலை, அதாவது விஏ_லிஸ்ட்டை, அப்படியே திரும்பத் தரக்கூடாது. முதல் அழைப்புக்கு முன்பே விஏ_காப்பியால் நகலெடுங்கள். மூலம், நகல் இரண்டையும் கடைசியில் விஏ_எண்ட்டால் முடிக்க வேண்டும். நகலெடுக்காமல் விட்டுவிட்டால் ஒரு கணினியில் சரியாக ஓடும் நிரல் இன்னொன்றில் கவிழலாம். தேடிப் பிடிக்கக் கடினமான பிழை.

லினக்ஸில் ஏஎஸ்பிரிண்ட்எஃப் என்ற ஃபங்ஷன் அளவெடுத்து, இடம் ஒதுக்கி, எழுதும் வேலையை ஒரே அழைப்பில் முடிக்கும். திரும்பும் எண் மைனஸ் 1 என்றால் பாயிண்டரைத் தொடாதீர்கள். சி99இல் அது இல்லாததால், எங்கும் ஓட வேண்டிய நிரலுக்கு மேலே சொன்ன படிகளே நல்லது.

எந்த வழியானாலும், பயனர் தட்டிய உரையை ஃபார்மட் இடத்தில் வைக்காதீர்கள். அதற்குள் ஒரு சதவீதக் குறி இருந்தால், கொடுக்காத மதிப்பை ஃபங்ஷன் நினைவகத்தில் தேடப் போகும். உரையை '%எஸ்' (உரைக்கான ஃபார்மட் குறி) வழியாகவே செலுத்துங்கள்.