ஒரு யூதக் குடும்பத்துக்கு என்ன நேர்ந்தது என்று தேடுவது எப்படி?

பெர்லினில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு வாசலில், நடைபாதையில் நான்கு சின்னப் பித்தளைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். ஷ்டோல்பர்ஷ்டைன் என்று பெயர். நாஜிகள் பிடித்துக்கொண்டு போனவர்கள் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டின் முன்னால் வைப்பது. எங்கள் வாசலில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். தினமும் அந்தப் பெயர்களைத் தாண்டித்தான் கடைக்குப் போகிறேன். யார் இவர்கள் என்று தேடத் தொடங்கி, எட்டு மாதத்தில் ஓரளவு தெரிந்துகொண்டேன். அந்த வழியைத்தான் எழுதுகிறேன். அவர்களுடைய உறவினர்கள் இன்றும் இருப்பதால் பெயர் சொல்லப்போவதில்லை. பழகிப் பார்க்க, எல்லோருக்கும் தெரிந்த, ஜெர்மனியிலிருந்து நெதர்லாந்துக்குத் தப்பிப்போய் அங்கே பிடிபட்ட, நாட்குறிப்பு எழுதிய ஆன் ஃபிராங்க்கின் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்.

படி 1: பிறந்த தேதியைப் பிடியுங்கள்

பெயர் ஏமாற்றும், பிறந்த தேதி அவ்வளவாக ஏமாற்றாது. ஆனின் முழுப்பெயர் அன்னெலீஸ் மரீ. அம்மா ஈடித்தின் பிறந்தவீட்டுப் பெயர் ஹொலெண்டர். இப்படி எல்லாப் பெயர்களையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெண்களைப் பிறந்தவீட்டுப் பெயரிலும் தேட வேண்டும். ஜெர்மனியில் 1939 ஜனவரி 1 முதல், அரசு பட்டியலிட்ட ‘யூதப் பெயர்’ இல்லாத யூதப் பெண்கள் எல்லோரும் ‘சாரா’ என்றும் யூத ஆண்கள் ‘இஸ்ரேல்’ என்றும் கூடுதல் பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஆவணத்தில் ‘சாரா’ என்று பார்த்தால் வேறு ஆள் என்று தள்ளிவிடாதீர்கள்.

படி 2: எங்கே தேடுவது

முதலில் ஆரோல்சன் ஆவணக்காப்பகம். ஜெர்மனியில் இருக்கிறது, நாஜிகளால் பாதிக்கப்பட்ட சுமார் 1.75 கோடிப் பேரைப் பற்றிய தாள்கள் இருக்கின்றன, இணையத்தில் இலவசம். காசு கட்டச் சொல்லும் வம்சாவளித் தளங்களுக்கு முதலிலேயே போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இங்கே அசல் தாளின் படத்தையே பார்க்கலாம். வேறு யாரோ தட்டச்சு செய்த வரியை நம்பியிருக்க வேண்டியதில்லை.

அடுத்து, ஜெருசலேமில் உள்ள யூதப் படுகொலை நினைவகமான யாத் வஷேமின் பெயர்த் தொகுப்பு. அதில் ‘சாட்சிப் பக்கம்’ என்று ஒன்று வரும். இறந்தவருக்காக உறவினரோ தெரிந்தவரோ நிரப்பிக் கொடுத்த படிவம் அது. கீழே நிரப்பியவரின் பெயரும் உறவுமுறையும் இருக்கும், அதைப் பாருங்கள். எங்கள் வாசல் குடும்பத்தில் ஒரு தங்கை தப்பியிருக்கிறார் என்று எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. ஒரே ஆளுக்கு மூன்று நான்கு பதிவுகள் வரலாம்.

மூன்றாவது, ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக்காப்பகத்தின் நினைவுப் புத்தகம். ஜெர்மனியில் வாழ்ந்துவிட்டு, தப்பிப் போன நாட்டிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவர்களும் இதில் உண்டு. நெதர்லாந்து என்றால், அங்கிருந்து கொண்டுபோய்க் கொல்லப்பட்ட யூதர்களுக்கான ‘யோட்ஸ் மோனுமெண்ட்’ நினைவுத் தளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: இறந்த தேதியை அப்படியே நம்பாதீர்கள்

நான் தவறிய இடம் இது. எங்கள் வாசல் அம்மாவுக்கு இறந்த தேதி 1945 மே 8 என்று இருந்தது. ஐரோப்பாவில் போர் முடிந்த நாள். கடைசி நாள் வரை தாக்குப்பிடித்து அன்றைக்கா போனார் என்று இரண்டு நாள் அதே நினைப்பாக இருந்தேன். பக்கத்தில் ‘ஃபூர் டோட் எர்க்லேர்ட்’ என்று எழுதியிருந்ததைக் கவனிக்கவில்லை. ‘இறந்ததாக அறிவிக்கப்பட்டவர்’ என்று பொருள். போருக்குப் பிறகு, திரும்பி வராதவர்களுக்கு நீதிமன்றம் ஒரு தேதி போட்டுக் கொடுத்தது. பலருக்கும் அந்த மே 8-தான். அது சட்டத்துக்கான தேதி. உண்மையில் அவர் இறந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஆன் விஷயத்திலும் இதே கதைதான். ஆனும் அக்கா மார்கோவும் பெர்கன்-பெல்சன் முகாமில் 1945 மார்ச்சில் ஏதோ ஒரு நாள் இறந்திருக்கலாம் என்றது செஞ்சிலுவைச் சங்கம். நெதர்லாந்து அதிகாரிகள் அந்த மாதத்தின் கடைசி நாளான மார்ச் 31-ஐப் பதிந்துவிட்டார்கள். பிப்ரவரியிலேயே இறந்திருக்க வேண்டும் என்று 2015-இல் ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஆன் ஃபிராங்க் இல்லம் என்ற அருங்காட்சியகத்தின் ஆய்வு சொன்னது. ஒரு தேதியைப் பார்த்தால், யார் எழுதினார்கள், எப்போது, எதற்காக என்று கேளுங்கள். மாதக் கடைசி என்றால் இரண்டு முறை கேளுங்கள்.

படி 4: தாளே இல்லாவிட்டால்

ஆஷ்விட்ஸ் மரண முகாமில் ரயிலை விட்டு இறங்கியதுமே நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டவர்களுக்குப் பதிவு கிடையாது, எண் கிடையாது. முகாமின் தாள்களில் பெரும்பகுதியையும் விட்டுப் போகும் முன் நாஜிகளே அழித்துவிட்டார்கள். அதனால் பலருக்கும் கடைசி ஆவணம் ரயில் பட்டியல்தான். ஃபிராங்க் குடும்பம் 1944 செப்டம்பர் 3 அன்று நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து 1,019 பேர் ஏற்றப்பட்ட ரயிலில் ஆஷ்விட்ஸுக்குப் போனது. ஈடித் 1945 ஜனவரி 6 அன்று ஆஷ்விட்ஸில் இறந்தார். அப்பா ஓட்டோ மட்டும் ஜனவரி 27 அன்று அங்கே விடுதலையானார். ரயிலின் தேதி கிடைத்தால் அதில் போன மற்றவர்களின் பதிவுகளையும் படியுங்கள்.

பெர்லின், பிராண்டன்பர்க் குடும்பம் என்றால் இன்னொன்றும் இருக்கிறது. ரயிலேற்றும் முன் 16 பக்கச் சொத்துப் படிவம் ஒன்றை நிரப்ப வைத்தார்கள். அவை பாட்ஸ்டாமில் உள்ள மாநில ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. எத்தனை நாற்காலி, எத்தனை போர்வை என்று எங்கள் வாசல் அம்மா தன் கையால் எழுதியிருக்கிறார். அன்று அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

பிற்சேர்க்கை: ஊர்ப் பெயர் கிடைக்கவில்லை என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். எல்லை மாற மாற ஊர்ப் பெயரும் மாறியது. லெம்பெர்க், ல்வூஃப், ல்விவ் எல்லாம் இன்று உக்ரைனில் உள்ள ஒரே ஊர். ஜூயிஷ்ஜென் என்ற யூத வம்சாவளித் தளத்தில் உள்ள ஊர் தேடலில், காதில் விழுந்தபடி எழுதினாலே பொருந்தும் பெயர்களைக் காட்டும்.

இன்னொருவருக்குத் தேதி இடித்தது. ஜெர்மன் தாள்களில் நம்மைப் போலவே நாள் முதலில் வரும். சில அமெரிக்கத் தளங்களில் மாதம் முதலில். ஆன் பிறந்தது 12.6.1929, அமெரிக்க முறையில் படித்தால் டிசம்பர் 6 ஆகிவிடும்.

ஆரோல்சனுக்கு நேரடியாகக் கேள்வி அனுப்பலாம், ஆங்கிலத்தில் எழுதினால் போதும், கட்டணம் இல்லை. பதில் வர மாதக்கணக்கில் ஆகும். அனுப்பிவிட்டு மற்ற படிகளைத் தொடருங்கள்.