கெட்டிமேளத்துக்கு முன்னால்
ஆட்டிசம் உள்ள, பலத்த சத்தம் தாங்காத ஒருவர் கல்யாண மண்டபத்துக்குப் போகும்போது நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனை மட்டும் நம்ப வேண்டாம். ஏசி, ஜெனரேட்டர் மாதிரி சீரான இரைச்சலைத்தான் அது நன்றாக அடக்கும். திடீரென்று வரும் கெட்டிமேளம் உள்ளே புகுந்துவிடும்.

அதற்கு ஃபோம் இயர்பிளக் (காதுக்குள் செருகும் மெத்தென்ற அடைப்பான்). விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, நுழைத்து, அது உப்பும்வரை 30 விநாடி பிடிக்க வேண்டும். பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை. சின்னக் குழந்தைகளுக்கு காதை வெளியிலிருந்து மூடும் இயர்மஃப்தான். பிளக்கை வாயில் போட்டுக்கொள்வார்கள். கண்ணாடி போட்டிருந்தால் மஃப்பின் ஓரத்தில் இடைவெளி விழுந்து சத்தம் கசியும்.

முகூர்த்தத்துக்கு முன்பே மாட்டிவிடுங்கள். சத்தம் தாங்காமல் திணறத் தொடங்கியபின் தலையில் எதை வைத்தாலும் தட்டிவிடுவார்கள் (அது அடம் அல்ல). அப்போது கேள்வி கேட்காமல் வெளியே கூட்டிப் போங்கள்.

வீட்டில் நாள் முழுக்க மாட்டியிருக்கக் கூடாது. சின்னச் சத்தத்துக்கும் காது கூசத் தொடங்கிவிடும்.