ஒரு ரொட்டிக்கா 19 வருடம்? பழைய நாவலில் 'கருத்து' தேடும்போது சறுக்கும் இடங்கள்

கல்லூரியில் படிக்கும் அக்கா மகள் போன மாதம் ஒரு கட்டுரையை அனுப்பி, "சித்தப்பா, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்றாள். விக்டர் ஹ்யூகோவின் 'லே மிஸரபிள்' நாவலில் அறமும் சமூகமும் என்று தலைப்பு. நம்மில் பலருக்கு இது யோகி சுத்தானந்த பாரதியாரின் தமிழில் 'ஏழை படும் பாடு' என்று பழக்கமான கதைதான். கட்டுரையின் முதல் வரியே "ஒரு ரொட்டியைத் திருடியதற்காக ழான் வால்ழான் 19 ஆண்டுகள் சிறையில் வாடினான்". அங்கேயே நிறுத்திவிட்டேன். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, பாதிப் பேர் இப்படித்தான் எழுதுகிறோம்.

ரொட்டிக்கு அவனுக்குக் கிடைத்தது 5 வருடம். அக்காவும் அவளுடைய ஏழு குழந்தைகளும் பட்டினி கிடக்க, ரொட்டிக்கடைக் கண்ணாடியை உடைத்துத் திருடியதற்கு. அப்புறம் நான்கு முறை தப்பிக்கப் பார்க்கிறான், ஒவ்வொன்றுக்கும் தண்டனை ஏறுகிறது: 3, 5, 3, கடைசியில் இன்னொரு 3. கூட்டிப் பாருங்கள், 19. இதில் என்ன வந்துவிட்டது என்று கேட்கலாம். 'ரொட்டிக்கு 19' என்று எழுதினால் எங்கோ ஒரு கொடூரமான நீதிபதி உட்கார்ந்திருப்பது மாதிரி ஆகிவிடுகிறது. ஹ்யூகோ காட்டுவதோ கந்துவட்டி மாதிரி குட்டி போட்டுக்கொண்டே போகும் ஒரு தண்டனை முறையை. யாரும் தனியாகக் கொடுமைக்காரராக இருக்க வேண்டியதில்லை, சட்டம் அதுபாட்டுக்கு வேலை செய்தாலே போதும். நாவலில் எண்கள் வந்தால் தாண்டிப் போகாதீர்கள், சமூகம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அடுத்தது, மனமாற்றக் காட்சி வந்ததும் பேனாவை மூடிவிடுவது. விடுதலையானவனுக்கு இரவு தங்க இடம் கொடுத்த பிஷப் வீட்டு வெள்ளிப் பாத்திரங்களோடு வால்ழான் பிடிபடுகிறான், "நான்தான் கொடுத்தேன், மெழுகுவர்த்தித் தண்டுகளையும் தந்தேனே, ஏன் விட்டுப்போனாய்" என்கிறார் பிஷப். இதைச் சொல்லிவிட்டு, மன்னிப்பு மனிதனை மாற்றும் என்று எழுதி முடித்துவிடுவார்கள். ஆனால் அதே நாளிலேயே அவன் மறுபடி திருடுகிறானே! பெத்தி ழெர்வே என்ற பத்து வயதுப் பையனின் காசு உருண்டு வருகிறது, வெறும் 40 சூ (பழைய பிரெஞ்சுச் சில்லறை, 20 சூ ஒரு பிராங்க்), அதன்மேல் காலை வைத்துக்கொண்டு நகர மாட்டேன் என்கிறான். பையன் அழுதுகொண்டே போன பிறகுதான் இவனுக்குள் ஏதோ உடைகிறது. திரைப்படங்களிலும் சுருக்கப் பதிப்புகளிலும் இந்தப் பையன் பெரும்பாலும் காணாமல் போய்விடுவான், அவற்றை மட்டும் நம்பி எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். பின்னால் அவன்மேல் வரும் வழக்கிலும் விடாமல் நிற்பது பிஷப்பின் வெள்ளி இல்லை, இந்தப் பையனின் காசுதான்.

இன்னொன்று நம் ஊர் வியாதி. பிஷப் சொன்னது பொய்தானே என்றதும் கை தானாக "பொய்ம்மையும் வாய்மை யிடத்த" என்று எழுதிவிடும். குறள் பொருந்தத்தான் செய்கிறது. வாழ்நாளில் பொய்யே சொல்லாத கன்னியாஸ்திரீ சிம்ப்ளீஸ், வால்ழானைக் காப்பாற்ற அடுத்தடுத்து இரண்டு பொய் சொல்லும் இடத்தில் இன்னும் நன்றாகவே பொருந்தும். ஆனால் அதை ஒட்டியதும் யோசனை நின்றுபோகிறது. இதே நாவலில் ஒரு உண்மையும் இருக்கிறதே. தனக்குப் பதிலாக வேறொருவன் சிறைக்குப் போகப்போகிறான் என்று தெரிந்ததும், பெயரை மாற்றிக்கொண்டு மேயராக வாழும் வால்ழான் நீதிமன்றத்துக்கே போய் நான்தான் அந்த ஆள் என்கிறான். அந்த மனிதன் தப்பிக்கிறான். வால்ழானின் தொழிலை நம்பியிருந்த ஊர் நொடித்துப் போகிறது. இந்த உண்மை செய்தது நன்மையா? இதற்கு எந்தக் குறளைப் போடுவது?

வால்ழானைத் துரத்தும் போலீஸ் இன்ஸ்பெக்டர் ழாவேரை வில்லனாக்குவதும் பழைய பழக்கம். 1950-ல் வந்த 'ஏழை படும் பாடு' படத்தில் அந்த இன்ஸ்பெக்டர் வேடம் கட்டிய சீதாராமனுக்குக் கடைசிவரை 'ஜாவர்' என்பதே பெயரோடு ஒட்டிக்கொண்டது, அந்த அளவுக்கு மனதில் பதிந்த பாத்திரம். ஆனால் ழாவேர் சிறையில் பிறந்தவன், அப்பா கைதி. மேயரைத் தவறாகச் சந்தேகித்துவிட்டோம் என்று நினைத்ததும் அவரிடமே போய், ராஜினாமா செய்தால் கௌரவமாகிவிடும், என்னை டிஸ்மிஸ் செய்யுங்கள் என்று நிற்கிறான். தனக்கும் அதே தராசு. அசல் அயோக்கியன் வேண்டுமென்றால் சத்திரக்காரன் தெனார்தியே இருக்கிறான்.

எனக்கு ரொம்பப் பிடித்த, அதனாலேயே ரொம்பக் கோபம் வருகிற இடம் ஃபாந்தீன். "காதலனால் ஏமாற்றப்பட்டு வீழ்ந்த பெண்" என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். ஏமாற்றப்பட்டது உண்மைதான். ஆனால் அவள் வேலையை இழப்பது யாருடைய தொழிற்சாலையில்? நம் கதாநாயகனுடையதில்! ஒழுக்கமுள்ள பெண்களுக்குத்தான் வேலை என்பது அந்த நல்ல மனிதர் போட்ட விதி. கல்யாணமாகாமல் குழந்தை பெற்றவள் என்று தெரிந்ததும் மேற்பார்வைக்காரி மேயர் பெயரைச் சொல்லி 50 பிராங்கைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறாள். மேயருக்கு விஷயமே தெரியாது. பிறகு சட்டை தைத்து நாளுக்கு 12 சூ சம்பாதிக்கிறாள். கூந்தல் 10 பிராங்குக்குப் போகிறது, முன்பற்கள் இரண்டும் 40 பிராங்குக்கு. அதற்கப்புறம் சிறைக் கைதிகளை வைத்துத் தைக்கும் ஒப்பந்தக்காரன் ஒருவனால் கூலி அடிபட்டு, 17 மணி நேர வேலைக்கு 9 சூ என்றாகிறது. அதற்குப் பிறகுதான் தெருவுக்கு வருகிறாள். ஆக, வால்ழானை விழுங்கிய அதே சிறை இவள் கூலியையும் விழுங்குகிறது. கற்பு, துரோகம் என்றே பேசிக்கொண்டிருந்தால் இந்த 3 சூ கண்ணில் படாது.

காலக் குழப்பமும் உண்டு. கடைசியில் வரும் தடுப்பரண் சண்டை 1789 புரட்சி கிடையாது, 1832 ஜூனில் பாரிசில் நடந்து தோற்றுப்போன கிளர்ச்சி. நாவல் வெளிவந்தது 1862-ல், அப்போது பிரான்ஸை ஆண்ட மூன்றாம் நெப்போலியனை எதிர்த்து நாட்டை விட்டு வெளியேறிய ஹ்யூகோ கெர்ன்சி தீவில் இருந்தபோது. அரசர்களை விரட்டியும் ஏழை ஏழையாகவே இருக்கிறானே என்பதுதான் அவருடைய கேள்வி, வருடத்தை மாற்றிப் போட்டால் அந்தக் கேள்வியே போய்விடும்.

நாவலின் நடுவே வரும், முதலாம் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரைப் பற்றிய பக்கங்களைத் தள்ளிவிடலாமா என்று அக்கா மகள் கேட்டாள். முதல் வாசிப்பில் தள்ளிக்கொள், நானும் தள்ளியவன்தான், ஆனால் கடைசி அத்தியாயத்தை மட்டும் விட்டுவிடாதே என்றேன். அதில்தான் தெனார்தியே இருட்டில் பிணங்களின் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டு போகிறான், பின்னால் தடுப்பரணில் சண்டை போடும் இளைஞன் மாரியுஸின் அப்பா, குற்றுயிராகக் கிடந்தவர், கண்விழித்து, தன்னைக் காப்பாற்ற வந்தவன் என்று நினைத்து அவனுக்கு நன்றி சொல்கிறார்.