கனடாவில் வீட்டில் மருத்துவக் கஞ்சா வளர்க்க: சட்டப்படி செய்ய வேண்டியவை

மருத்துவரின் கடிதம் மட்டும் கையில் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. ஹெல்த் கனடாவில் (கனடாவின் மத்திய சுகாதாரத் துறை) பதிவு செய்து, சான்றிதழ் வந்த பிறகே மருத்துவத் தேவைக்கான செடிகளை வைக்கலாம்.

முதலில் மருத்துவ ஆவணம். அதில் ஒரு நாளுக்கு எத்தனை கிராம் உலர்ந்த கஞ்சா என்று எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் செடிக் கணக்கே அதிலிருந்துதான் வருகிறது. நாளுக்கு ஒரு கிராமுக்கு வீட்டுக்குள் சுமார் 5 செடி, வெளியே என்றால் சுமார் 2. நாளுக்கு 3 கிராம் என்றால் உள்ளே 15 செடி. உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் வளர்க்க அனுமதி இல்லை.

விண்ணப்பத்துடன் மருத்துவ ஆவணத்தின் அசலை அனுப்புங்கள், நகல் செல்லாது. வாடகை வீடு என்றால் உரிமையாளரின் ஒப்புதலும் தேவைப்படலாம். இதை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுவது நல்லது. வெளியில் வளர்க்கும் இடம் பள்ளி, குழந்தைகள் விளையாட்டிடம், பகல்நேரக் காப்பகம் ஆகியவற்றை ஒட்டி இருக்கக் கூடாது.

விதையோ நாற்றோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்குங்கள்.

உங்களால் வளர்க்க முடியாவிட்டால் வேறொருவரை நியமிக்கலாம். அவர் அதிகபட்சம் 2 பேருக்கு வளர்க்கலாம். ஒரே முகவரியில் 4 பதிவுகளுக்கு மேல் கூடாது.

அதிகம் தவறுவது இரண்டு இடங்களில். பதிவு ஓராண்டுக்கு மேல் நீடிக்காது. காலாவதியாகும் முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். வீடு மாறினால், திருத்திய சான்றிதழ் வரும்வரை புதிய முகவரியில் செடி வைக்காதீர்கள். விளைச்சலை விற்பதும், நண்பரின் வலிக்கு என்று மருந்தாகக் கொடுப்பதும் இந்தப் பதிவில் அடங்காது.