சாலையில் எங்களைக் கடக்கும்போது

நான் நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளர். நீடாமங்கலம், கொரடாச்சேரி பக்கம் பள்ளம் அடைப்பது, ஓரத்துப் புதரை வெட்டுவது, காற்றில் சாய்ந்த மரத்தை அப்புறப்படுத்துவது எல்லாம் எங்கள் வேலை. வண்டி ஓட்டுகிறவர்களிடம் சிலவற்றை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ஓரமாக நிற்கும் ஆம்புலன்ஸைக் கண்டால் பக்கத்துத் தடத்துக்கு விலகு, முடியாவிட்டால் வேகத்தைக் குறை என்று அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் சட்டம் இருக்கிறது. நம் டெல்டாவில் விலகுவதற்குத் தடம் ஏது? ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் புளியமரம். அறுவடை வந்துவிட்டால் பாதிச் சாலையில் நெல் காய்கிறது. நம்மால் ஆகக்கூடியது வேகத்தைக் குறைப்பதுதான். எவ்வளவு? சாலைப் பழுதுபார்க்கும் ஆட்களைக் கடக்கும்போது 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 1989ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளிலேயே எழுதியிருந்தார்கள். அதையே கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புக் கொடி தெரிந்தவுடனே குறைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வந்து பிரேக்கை மிதிப்பதில் பயனில்லை.

ஹாரன் அடிக்காதீர்கள். தார் ஏறக்குறைய 150 டிகிரி சூட்டில் இருக்கும். அந்த வாளியைத் தூக்கி நிற்பவர் சத்தம் கேட்டுத் திரும்பினால், தளும்புவது அவர் காலில்தான். புதிதாகப் பரப்பிய ஜல்லியில் வேகமாக ஏறினால் சக்கரம் கவண்போலக் கல்லை எறியும். முழங்காலில் பட்டால் அன்றைய வேலை போச்சு. இரவில் ஹைபீமைத் தாழ்த்துங்கள். கண் கூசிவிட்டால் வாய்க்கால் விளிம்பு எங்களுக்கே தெரியாது.

108 நின்றிருந்தால், சைரன் ஓய்ந்திருந்தாலும் விளக்கு சுழல்கிறதா என்று பாருங்கள். பின்கதவு திறந்திருந்தால் ஸ்ட்ரெச்சர் வரப்போகிறது. எதிர் வீட்டிலிருந்து யாராவது இருபுறமும் பார்க்காமல் ஓடிவருவார்கள். வண்டிக்கு மறைவில் கால்கள் தெரிகின்றனவா என்று கவனியுங்கள். என்ன ஆயிற்று என்று கேட்க எதிர்ப்புறம் பைக்கை நிறுத்துகிறவர்கள்தான் பெரிய தொல்லை. உதவத்தான் இறங்குகிறீர்கள் என்றால் தாராளமாக இறங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தில் உதவுகிறவரைக் காப்பாற்றுகிறது.

ஓடிவரும் ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் ஒதுங்கி வழிவிடாவிட்டால், 194இ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நிற்கும் வண்டியைத் தாறுமாறாகக் கடந்தால் ஆபத்தாக ஓட்டியதாக 184ஆம் பிரிவு பாயலாம்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கேட் சாத்தியதும் முந்திப் போகிற ஆசையில் எதிர்ப்பக்கத்தையும் அடைத்து நிற்கிறார்கள். அக்கரையிலும் அதே கதை. கேட் திறந்தாலும் யாரும் நகர முடியாது. நடுவில் ஆம்புலன்ஸ் வந்தால் கேட்கவே வேண்டாம். உங்கள் வரிசையிலேயே நில்லுங்கள், வலப்பக்கம் காலியாக இருக்கட்டும்.

மின்கம்பத்தில் ஏறியிருப்பவர்களையும், லாரியிலிருந்து அறுவடை இயந்திரத்தை இறக்குகிறவர்களையும் கடக்கும்போதும் அதே 25 கிலோமீட்டர் வேகம்தான்.

உங்கள் வண்டியே பழுதாகி நின்றால் நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, முக்கோணப் பலகையைத் தள்ளி வையுங்கள். பலகை இல்லாதவர்கள் கல்லையும் வேப்பங்கிளையையும் வைக்கிறார்கள், சரி, வையுங்கள். வண்டி கிளம்பும்போது அவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். இருட்டில் அதில் ஏறி விழுகிறவர்கள் இருக்கிறார்கள். காலையில் பொறுக்குவது நாங்கள்.