புளோரிடாவில் குடியிருப்பு ஏரியைப் பராமரிக்கும் முறை

புளோரிடாவில் வீட்டு உரிமையாளர் சங்கங்களின் பொறுப்பில் உள்ள ஏரிகளில் பல இயற்கையாக உண்டானவை அல்ல. தெருவிலும் கூரையிலும் விழும் மழைநீரைத் தேக்கி, அழுக்கை அடியில் படியவிட்டு, தெளிந்த நீரை மெல்ல வெளியேற்றுவதற்காக வெட்டப்பட்டவை. ஆகவே, புதிதாகப் பொறுப்பேற்கும் நிர்வாகக் குழு, மாநிலத்தின் நீர்வளத்தைக் கவனிக்கும் அரசு அமைப்புகளான 5 நீர் மேலாண்மை மாவட்டங்களுள் தன் பகுதிக்குரியது வழங்கிய அனுமதி ஆவணத்தையே முதலில் தேடி எடுக்க வேண்டும். கரைச் சரிவு, நீர்மட்டம், வெளிப்போக்கின் (நீர் வெளியேறும் வாயின்) அமைப்பு ஆகியவை அந்த ஆவணத்தைச் சார்ந்தவை என்பதால், அதை வழங்கிய அமைப்பைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது.

குடியிருப்போரின் முறையீடு பெரும்பாலும் பாசியைப் பற்றியதாகவே இருக்கும். ஏரி முழுவதும் ஒரே நாளில் மருந்து தெளிக்கச் சொல்லி அவர்கள் வற்புறுத்தினாலும் குழு இணங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வெப்பமேறிய நீர் ஆக்சிஜனைக் குறைவாகவே தாங்கும். கோடையில் மொத்தப் பாசியும் ஒருசேர மடிந்து அழுகினால், எஞ்சிய ஆக்சிஜனும் தீர்ந்து, விடியலில் மீன்கள் செத்து மிதக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் தெளித்து, இரு வாரம் பொறுத்து அடுத்த பங்கைத் தொடுவதே நல்லது.

மருந்தைக் காட்டிலும் பாசிக்கு உணவாகும் உரத்தைத் தடுப்பதே நிலையான பலன் தரும். சரசோட்டா, பினெல்லஸ் மாவட்டங்களில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை புல்தரைக்கு நைட்ரஜன், பாஸ்பரஸ் உரமிடத் தடை உள்ளது. அத்தகைய தடை இல்லாத இடத்திலும் சங்கம் இதே ஒழுங்கைப் பின்பற்றலாம். கரையோரம் சில அடி அகலத்துக்குப் புல்லை வெட்டாமல் விட்டு, ஆழமற்ற விளிம்பில் கோரை போன்ற உள்ளூர்ச் செடிகளை நட்டால், அவை சத்தை உறிஞ்சிக்கொள்வதோடு கரை அரிப்பையும் தடுக்கும். பார்வை மறைகிறதென்று சிலர் வருந்துவார்கள். அவர்களிடம் பொறுமையாக விளக்க வேண்டும்.

நீர்க்களை மிகுந்தால் இனப்பெருக்கம் செய்யாத புல்கெண்டை மீன்களை விடலாம். அதற்கு மாநில மீன், வனவிலங்கு ஆணையத்தின் அனுமதி தேவை. மீன்கள் தப்பாதபடி வெளிப்போக்கில் தடுப்பும் வேண்டும். முதலைக்கு உணவிடுவது சட்டவிரோதம் என்பதைப் பலகையில் எழுதி வையுங்கள்.

மழைக்காலம் ஜூனில் வலுக்கும் முன்பே வெளிப்போக்கை அடைத்திருக்கும் சருகையும் குப்பையையும் அகற்றி, வண்டல் படிந்துள்ள அளவைப் பதிவு செய்து, தூர்வாரும் செலவுக்கென ஆண்டுதோறும் ஒரு தொகையைத் தனியே ஒதுக்கி வர வேண்டும்.